பதினைந்தாம் இடத்திலும் அதே ஜெர்ஸி

2025 ஆகஸ்ட் 27 இரவு இங்கிலாந்தில் ஒரு லீக் கோப்பை மேட்ச். நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. ஒரு பக்கம் மான்செஸ்டர் யுனைடெட், எதிரே நான்காம் நிலை லீக்கில் ஆடும் கிரிம்ஸ்பி டவுன். 2-2 என்று முடிந்து பெனால்டிக்குப் போய், அங்கே 12-11 என்று கிரிம்ஸ்பி ஜெயித்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் யுனைடெட் பிரீமியர் லீக்கை 15-ஆம் இடத்தில் முடித்திருந்தது. மொத்தம் 42 புள்ளி. 1973-74-இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு அந்த கிளப்புக்கு இவ்வளவு மோசமான லீக் சீசன் வந்ததில்லை. அதே மே மாதம் பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் ஃபைனலிலும் டாட்டன்ஹாமிடம் 1-0 தோல்வி. அந்த டாட்டன்ஹாமே லீக்கில் 17-ஆம் இடம் என்பது கூடுதல் எரிச்சல்.

இத்தனைக்கும் பிறகு அதிராம்பட்டினத்திலோ முத்துப்பேட்டையிலோ காரைக்காலிலோ அந்தச் சிவப்பு ஜெர்ஸி பெட்டிக்குள் போய்விடவில்லை. சாயங்காலம் கிரவுண்டுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். அந்த கிளப் கடைசியாக லீக் ஜெயித்தது 2013-இல். இன்று கல்லூரியில் படிக்கும் பையனுக்கு அப்போது ஆறேழு வயசு. அவனுக்கு விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் தோல்வி, கோச் மாற்றம், மறுபடி தோல்வி. ஆனாலும் விடவில்லை. "உண்மையான ரசிகன் அப்படித்தான் இருப்பான்" என்று சொல்லிவிடுவது சுலபம். அது கேள்வியையே பதிலாகத் திருப்பிக் கொடுக்கிற வேலை.

முதலில் ஒன்றைப் பேசித் தீர்த்துவிடலாம். டெல்டாவில் யாரும் தோற்கிற கிளப்பைத் தேடிப் பிடித்து ரசிகர் ஆனதில்லை. 1990-களின் பிற்பாதியில் கேபிள் இணைப்போடு ஈ.எஸ்.பி.என்.னும் ஸ்டார் ஸ்போர்ட்ஸும் வந்தபோது, எது ஜெயித்துக்கொண்டிருந்ததோ அதைத்தான் பிடித்தார்கள். ஒருவர் எந்த கிளப் என்று சொன்னால், அவர் எந்த வருஷம் டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தார் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். 1999 மே மாதம் பார்சிலோனாவில் பேயர்ன் மியூனிக்கை இஞ்சுரி டைமில் இரண்டு கோல் போட்டு யுனைடெட் கவிழ்த்ததைப் பார்த்தவர் யுனைடெட். 2003-04-இல் 38 மேட்சிலும் தோற்காத ஆர்சனலைப் பார்த்தவர் ஆர்சனல். 2005-இல் இஸ்தான்புல்லில் மூன்று கோல் பின்தங்கி எழுந்து வந்த லிவர்பூலைப் பார்த்தவர் லிவர்பூல். ஆக, ஆரம்பம் முழுக்க வெற்றி மோகம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உலகம் முழுக்க டிவி வழியாக ரசிகரானவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான்.

அடுத்த தலைமுறையில்தான் கணக்கு மாறுகிறது. அந்தக் கல்லூரிப் பையன் யுனைடெட்டை டிவியிலிருந்து எடுக்கவில்லை. அவனுக்கு அது ஒரு ஆளிடமிருந்து வந்தது. அதிராம்பட்டினம் பக்கம் என்றால் காக்கா என்று கூப்பிடும் அண்ணனிடமிருந்து, கும்பகோணம் பக்கம் என்றால் மாமாவிடமிருந்தோ சித்தப்பாவிடமிருந்தோ. அந்த ஆள் இப்போது துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்கு வருவார். போனில் பேசினால், "சாப்டியா, படிக்கிறியா, அம்மா நல்லாருக்கா" என்ற மூன்று கேள்வியோடு பேச்சு நின்றுவிடும். மேட்ச் இருந்தால் நிற்காது. கிரிம்ஸ்பி மேட்ச் தொடங்கும்போது சிங்கப்பூரில் விடிகாலை மூன்று மணி, துபாயில் இரவு பதினொன்று. மூன்று ஊரிலும் மூன்று பேர் விழித்திருந்து ஒரே கோல்கீப்பரைத் திட்டுகிறார்கள். அந்தப் பையன் நாளைக்கே மான்செஸ்டர் சிட்டிக்கு மாறிவிட்டால் அவனுக்குக் கோப்பைகள் கிடைக்கும், மாமாவோடு பேச ஒன்றும் இருக்காது.

வெற்றிக்காகப் பிடித்த கிளப் ஆளுக்காக நிலைக்கிறது. என் வாதத்தின் மையம் இதுதான். உளவியல் ஆய்வுகள் சிலவற்றை இதோடு வைத்துப் பார்த்தால் சில இடங்களில் பொருந்துகின்றன, சில இடங்களில் உதைக்கின்றன.

அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினியும் அவர் குழுவும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். அங்கே கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலை வைத்துச் செய்தது. கல்லூரி அணி ஜெயித்த வார இறுதிக்கு அடுத்த திங்கட்கிழமை, கல்லூரிப் பெயர் போட்ட உடைகள் வகுப்பில் அதிகம் தென்பட்டன. ஜெயித்தால் "நாங்க", தோற்றால் "அவங்க" என்று மாணவர்களின் பேச்சும் மாறியது. அடுத்தவர் புகழில் குளிர்காய்கிற இந்தக் குணம் பொதுவானது. ஆனால் தோற்றதும் விலகிக்கொள்கிறவர் யார் என்று பின்னால் வந்த ஆய்வுகள் பார்த்தபோது, மேலோட்டமான ரசிகர்தான் விலகினார். அணியோடு தன் அடையாளத்தையே பிணைத்துக்கொண்டவரால் அப்படிக் கழன்றுகொள்ள முடியவில்லை. டெல்டாவில் இதைப் பார்க்க ஆய்வு தேவையில்லை. தோற்ற மறுநாள் டீக்கடையில் ஜெர்ஸியோடு வந்து நின்று கிண்டலை வாங்கிக்கொள்கிறவர் யார், காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிடுகிறவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று, 1959-இல் எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் செய்த சோதனை. ஒரு குழுவில் சேர்வதற்குக் கடும் சங்கடத்தைத் தாண்டி வந்தவர்கள், சுலபமாக உள்ளே வந்தவர்களைவிட அந்தக் குழுவை உயர்வாக மதிப்பிட்டார்கள். குழுவின் பேச்சு வேண்டுமென்றே சலிப்பாக அமைக்கப்பட்டிருந்தும் அப்படித்தான். பட்ட கஷ்டத்துக்கு ஈடாக அதை உசத்தியாக நினைக்காவிட்டால் மனசு ஒப்பாது. செமஸ்டர் தேர்வுக்கு முந்தின ராத்திரி ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, சத்தம் வராமல் ஹெட்போன் மாட்டி, நாலு கோல் வாங்குவதைப் பார்த்துவிட்டுப் படுத்தவனுக்கு இது விளங்கும்.

உதைக்கிற இடம் இது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் டோல்டனும் ஜார்ஜ் மெக்கரனும் 2018-இல், மொபைல் செயலி வழியாக மக்கள் அவ்வப்போது பதிந்த மனநிலைத் தரவை மேட்ச் முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். மேட்ச் முடிந்த முதல் ஒரு மணி நேரத்தில், வெற்றி தரும் சந்தோஷத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வலியைத் தோல்வி தருகிறது என்று வந்தது. அதாவது பாதிக்குப் பாதி ஜெயிக்கிற அணியைப் பார்த்தாலே ரசிகர் நஷ்டத்தில்தான் இருக்கிறார். தொடர்ந்து தோற்கிற அணி என்றால் கேட்கவே வேண்டாம். மனிதர்கள் சந்தோஷத்தை மட்டும் கணக்குப் பார்ப்பவர்களாக இருந்தால் கால்பந்து ரசிகர் என்ற இனமே இருக்கக் கூடாது. கணக்கில் வராத ஏதோ ஒன்று அவர்களைத் தாங்கிப் பிடிக்கிறது. அது மேட்சுக்கு முன்னும் பின்னும் இருக்கும் கூட்டாளிகள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதைச் சுத்தமான வடிவில் பார்க்க வேண்டுமானால் டிவியை அணைத்துவிட்டு ஊர் கிரவுண்டுக்குப் போக வேண்டும்.

சம்பா அறுத்து, அதன் பிறகு உளுந்தும் பயறும் எடுத்து முடிந்தால், பங்குனிக்குப் பிறகு வயல் சும்மா கிடக்கும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 வரை, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர அதற்கும் மேலே சில நாள் வரை, அந்த இடைவெளி பந்துக்கு. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். பள்ளிக்கூட மைதானம், ஊர்த் திடல், தண்ணி வற்றிய குளம், சமப்படுத்திய வயல் என்று கிடைத்த இடத்தில் எழுவர் கால்பந்து. சவுக்குக் கம்பை நட்டு போஸ்ட். கடலோர ஊர் என்றால் நெட்டுக்கு மீன்வலை. கோடு போடச் சுண்ணாம்பு. ஒரு மூலையில் மைக்கில் ஓயாத வர்ணனை. பெரிய ஊர்களில் மின்னொளிப் போட்டி நடக்கும், சுழற்கோப்பையும் ரொக்கமும் உண்டு.

இதில் வருஷா வருஷம் முதல் ரவுண்டிலேயே வெளியேறும் ஒரு செட் இருக்கும். ஏதாவது ஒரு குட்டியானை வண்டியில் பதினைந்து பேர் நெருக்கி நின்று வருவார்கள். நுழைவுக் கட்டணத்தைக் கல்ஃபில் இருக்கும் ஒரு அண்ணன் அனுப்பியிருப்பார், ஜெர்ஸி முதுகில் ஏதோ உரக்கடைப் பெயர் இருக்கும். வலப்பக்கம் தடுக்கும் ரைட் பேக் ஆடுபவருக்கு நாற்பது வயசு தாண்டியிருக்கும். அவரை வெளியே உட்கார வைக்க யாருக்கும் மனசு வராது, ஏனென்றால் பந்து வாங்கிக் கொடுத்துப் பையன்களைச் சேர்த்ததே அவர்தான். அந்த இடத்தில்தான் கோல் விழும். "அண்ணே, அவனை விட்டுட்டீங்களே" என்று கோலி கத்துவான். அடுத்த நிமிஷம் அவரும் அவனும் ஒரே தண்ணி பாட்டிலில் குடிப்பார்கள். தோற்ற பிறகு சோத்துப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, ஜெயித்த அணியின் அடுத்த மேட்சையும் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

வெளியூர் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்கி ஜெயிக்கும் அணிகளும் இதே போட்டியில் உண்டு. ஆட்டம் பிரமாதமாக இருக்கும், கூட்டம் கைதட்டும். ஆனால் அந்த அணி அடுத்த வருஷம் வராவிட்டால் யாரும் தேடுவதில்லை. நாற்பது வயசு ரைட் பேக் வராவிட்டால் நாலு பேர் விசாரிப்பார்கள்.

பெரிய கிளப்புகளும் ஆரம்பத்தில் இப்படி ஏதோ ஒரு செட்டாகத்தான் இருந்தன. யுனைடெட்டே 1878-இல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரயில் பெட்டித் தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த அணி. ஆர்சனல் ஆயுதத் தொழிற்சாலைக்காரர்கள், வெஸ்ட் ஹாம் கப்பல் கட்டியவர்கள். நம் பக்கம் இதற்கு ஒப்பான இடம் பொன்மலைதான். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களின் கடைசியில் அங்கே போனது. குவார்ட்டர்ஸ், மைதானம், ஷிஃப்ட் முடிந்து வரும் ஆட்கள் என்று கால்பந்துக்குத் தேவையான எல்லாம் அங்கே கூடியது. டெல்டாவின் மற்ற இடங்களில் ஆலை கிடையாது, வயல்தான். அதனால் இங்கே அணி என்றால் தொழிற்சாலையின் பெயரில் இல்லாமல் ஊரின் பெயரில், தெருவின் பெயரில் இருக்கிறது.

தொழில் போய் அணி மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்குச் சண்டர்லேண்ட் நல்ல உதாரணம். வட கிழக்கு இங்கிலாந்து நகரம். கப்பல் கட்டும் தளங்கள் 1980-களின் கடைசியில் மூடின, கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1993-இல் மூடியது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்திலேயே 1997-இல் கிளப் தன் மைதானத்தைத் திறந்தது. வாசலில் சுரங்க விளக்கின் சிலை நிற்கிறது. ஆறு முறை லீக் சாம்பியன், ஆனால் கடைசி முறை 1936. 2017-இல் ஒரு நிலை இறங்கியது, 2018-இல் இன்னொரு நிலை. மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது, 2018 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டுக்கு எதிரான மேட்சுக்கு வந்த கூட்டம் 46,039 பேர். பல நாட்டின் முதல் நிலை கிளப்புகளுக்கே கனவில்தான் அந்த எண்ணிக்கை வரும். அந்த ஊரில் பல குடும்பங்களுக்கு அப்பா வேலை செய்த இடமும் மகன் மேட்ச் பார்க்கிற இடமும் ஒரே நிலம். நாலு வருஷம் மூன்றாம் நிலையில் கிடந்து, 2022-இல் மேலே ஏறி, 2025 மே 24 அன்று வெம்ப்ளியில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-1 என்று வென்று பிரீமியர் லீக்குக்குத் திரும்பினார்கள். வெற்றி கோல் இஞ்சுரி டைமில் விழுந்தது. அடித்த டாமி வாட்சன், பிரைட்டனுக்குப் போக ஏற்கெனவே ஒப்பந்தம் ஆகியிருந்த பையன்!

பெர்லினின் யூனியன் கிளப் இன்னும் ஒரு படி மேல். 2004-இல் லீக்கில் ஆடும் லைசென்ஸுக்குப் பணம் இல்லாதபோது ரசிகர்கள் ரத்ததானம் செய்து கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். 2008-09-இல் இடியும் நிலையில் இருந்த மைதானத்தை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூலி வாங்காமல் தாங்களே கட்டினார்கள். 2019-இல் முதல் முறை ஜெர்மனியின் முதல் நிலை லீக்கான பண்டஸ்லிகாவுக்கு ஏறியபோது, அந்த நாளைப் பார்க்காமல் இறந்துபோனவர்களின் படங்களைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வரி கொடுத்த குடும்பம் அந்தக் கோயிலை எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் அவர்கள் அந்த மைதானத்தைப் பார்க்கிறார்கள். தோல்வி அதில் ஒரு பொருட்டே இல்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இங்கே கதை கொஞ்சம் கசப்பு.

2018-19-இல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கை ஜெயித்தது சென்னை சிட்டி எஃப்.சி. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலைவிட ஒன்று அதிகம். பெட்ரோ மான்ஸி மட்டும் 21 கோல். பெயர் சென்னை, ஆடியது கோயம்புத்தூர். ஜெயித்த மேட்ச் 2019 மார்ச் 9. அந்த சீசனின் நடுவில்தான் கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. தமிழ்நாட்டுக்கு ஒரு தேசியச் சாம்பியன் கிடைத்ததை இங்கே பலரும் கவனிக்கவே இல்லை, கவனிக்கும் நிலையிலும் இல்லை. 2021-22 சீசனுக்குள் அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது. நாட்டின் சாம்பியன் மூன்று வருஷத்தில் காணாமல் போவதும், மூன்றாம் நிலையில் கிடந்த கிளப்புக்கு 46,000 பேர் வருவதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம். வேர் பிடிக்க நேரமும் இடமும் கொடுக்காத கிளப்பைக் கோப்பை காப்பாற்றாது.

சென்னையின் எஃப்.சி. பரவாயில்லை, அதற்குக் கூட்டாளிகள் சேர்ந்திருக்கிறார்கள். 2015-இலும் 2017-18-இலும் நாட்டின் இன்னொரு பெரிய லீக்கான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சாம்பியன், இரண்டு ஃபைனலும் 3-2. சாம்பியன் ஆன அடுத்த சீசனிலேயே 18 மேட்சில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடம். அதற்கடுத்த சீசனின் நடுவில் ஓவன் காயல் கோச்சாக வந்து, தேறாது என்று விட்ட அணியை ஃபைனல் வரை கொண்டுபோனார். 2020 மார்ச்சில் நடந்த அந்த ஃபைனல் கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் நடந்து, ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. பிறகு வரிசையாக மூன்று சீசன் எட்டாம் இடம். 2024-25-இல் 13 அணியில் 11-ஆம் இடம். தஞ்சாவூரிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் இந்த அணிக்கு ரசிகராக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஏழரை மணி மேட்ச் முடிந்து நேரு ஸ்டேடியத்திலிருந்து எழும்பூருக்கு ஆட்டோ பிடித்து, உழவன் எக்ஸ்பிரஸையோ மன்னை எக்ஸ்பிரஸையோ பிடித்தால் காலையில் ஊர். ஐ.எஸ்.எல்.லில் 2024-25 வரை இறக்கம் என்பதே கிடையாது என்பதால், கடைசி இடத்துக்குப் போனாலும் நிர்வாகத்துக்குத் தண்டனை இருந்ததில்லை. செலவும் தூக்கம் கெடுவதும் ரசிகருக்குத்தான்.

விசுவாசத்தின் இருண்ட பக்கம் இங்கேதான். பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் சொன்ன சட்டகம் ஒன்று உண்டு: ஒரு அமைப்பு சீரழியும்போது அதில் இருப்பவருக்கு இரண்டு வழி. வெளியேறலாம், அல்லது குரல் கொடுக்கலாம். விசுவாசம் வெளியேறுவதைத் தள்ளிப்போடும், அதனால் குரலுக்கு நேரம் கிடைக்கும். கால்பந்தில் முதலாளிகளுக்கு இது நன்றாகவே தெரியும். கடைக்காரர் சரக்கு கெட்டுப்போனால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயப்படுவார், கிளப் முதலாளிக்கு அந்தப் பயம் இல்லை. 2005-இல் கிளேசர் குடும்பம் யுனைடெட்டைப் பெருமளவு கடனில் வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே வைத்தது. அப்போது வெளியேறிய ஒரு பகுதி ரசிகர்கள் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று புதிதாக ஒரு கிளப்பையே ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் பழைய நியூட்டன் ஹீத்தின் பச்சை-மஞ்சள் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தே எதிர்த்தார்கள். 2021 மே 2 அன்று மைதானத்துக்குள் புகுந்து லிவர்பூலுடனான மேட்சையே நடக்கவிடாமல் செய்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, பன்னிரண்டு பணக்கார கிளப்புகள் சேர்ந்து அறிவித்த சூப்பர் லீக் இரண்டே நாளில் கலைந்ததிலும் தெருவுக்கு வந்த ரசிகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

முத்துப்பேட்டையில் இருப்பவருக்கு இந்த இரண்டு வழியுமே அடைப்பு. அவர் வெளியேறினால் மான்செஸ்டரில் யாருக்கும் தெரியாது, குரல் கொடுத்தால் கேட்காது. அவர் போட்டிருக்கும் ஜெர்ஸியும் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் காப்பி என்பதால் கிளேசருக்கு அதில் ஒரு பைசா போவதில்லை, அந்த வகையில் ஒரு சின்ன ஆறுதல். அங்கே அவருக்கு மிஞ்சுவது மாமாவோடு பேச்சு மட்டும்தான். அது போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் குரல் எட்டுகிற தூரத்தில் ஒரு கிளப் இருக்கிறது. 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டு, செப்டம்பரில் வழக்கம்போல் சீசன் தொடங்காதபோது, இந்தியக் கிளப்புகளுக்குத் தங்கள் ரசிகர் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப்பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தது. லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தம் ஆடினால் எல்லாம் ஆடுகிறது என்பது அப்போது தெரிந்தது. சென்னையின் எஃப்.சி. நிர்வாகம் செய்யக்கூடியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சீசனுக்கு முன்னால் திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் ஒரு பயிற்சி மேட்ச். கோடையில் மின்னொளிப் போட்டி நடக்கும் ஊர்களுக்கு ஆள் பார்க்க ஒரு கோச். இரவு ரயில் பிடிக்க வேண்டியவர்களை மனதில் வைத்துச் சனிக்கிழமைகளில் மேட்சை ஐந்து மணிக்கு வைப்பது. 11-ஆம் இடத்து அணிக்காக மாயவரத்திலிருந்து கிளம்பி வருகிறவரிடம் டிக்கெட் வாங்கும்போது ஊர் பேர் கேட்டுக் குறித்துக்கொண்டாலே, எந்த மாவட்டத்துக்கு பஸ் விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.